கல்லில் மூடு, பாலத்தில் திற

இறுகிப்போன இஞ்சினைத் திறக்கும்போது ஒரு வாடை வரும். கருகிய எண்ணெய், சூடுபட்ட உலோகம், நாள்பட்ட பெற்றோல் எல்லாம் சேர்ந்த வாடை. பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில்தான் அதை முதன்முதலாக முகர்ந்தேன். இன்றும் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நீலப் புகை விட்டுக்கொண்டு போனால் எனக்குக் குமட்டுகிறது. புகை மட்டும் காரணமில்லை.

அப்போது மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அழுக்கென்றால் எனக்கு ஆகாது. லயத்துத் தொழிலாளர் பிள்ளைகள் மூக்கைத் துடைத்த கையால் என் மேசையைத் தொட்டால், அவர்கள் போன பிறகு அந்த இடத்தைத் துடைப்பேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எங்கள் தோட்டத்திலிருந்து பசறைப் பக்கம் இறங்கும் பாதை தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. மேலே பாதையோரத்தில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. எந்த வண்டி ஆனாலும் அங்கே ஒரு கணம் வேகம் குறைத்து, டிரைவர் நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவான். அந்தக் கல்லிலிருந்து கீழே ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரே இறக்கம்.

என்னிடம் முன்பு ஒரு பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை, தோட்டத்து உதவி அதிகாரி, விட்டுச் சென்றது. பெற்றோல் கிடைக்காமலும் விலை ஏறியும் மனிதனை வதைத்த எழுபதுகளில், அந்த வண்டியில் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தேன். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகும் பெற்றோல் டேப்பை முனியாண்டி கல்லில் மூடிவிடுவேன். கியரை மூன்றில் போட்டு, வலக்கைத் திரொட்டிலை முழுவதும் திருப்பிவிட்டு இறங்குவேன். சக்கரம் இஞ்சினைச் சுழற்றும், இஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் சூடேறாது, ஒரு சொட்டுப் பெற்றோல் எரியாது. பாலத்தில் டேப்பைத் திறப்பேன். ஆபீசில் மற்றக் கிளாக்கர்மாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. “கல்லில் மூடு, பாலத்தில் திற.”

பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு, ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் மலையெல்லாம் வந்தன. பழையதை விற்றுவிட்டு, கைமாறி வந்த ஒரு சிறிய ஜப்பான் வண்டியை வாங்கினேன். பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. பசறையில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்திருந்த என் மகனுக்கு அதை ஓட்டக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவனைப் பின்னால் உட்கார வைத்து, நானே முதல் நாள் அந்த இறக்கத்தில் ஓட்டிக் காட்டினேன்.

“கல்லுல மூடு. பாலத்துல தொற. மறக்காத.”

“சரிப்பா.”

அவன் மறக்கவில்லை.

அவனுக்கு இளையவள் என் மகள். ஒரு காலை அவளுக்குப் பதுளையில் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை. பஸ் வரவில்லை. அண்ணனின் பின்னால் ஏறிப் போனாள். முனியாண்டி கல்லுக்குக் கீழே நான்காவது வளைவில் பின்சக்கரம் திடீரென்று நின்றுவிட்டது. மகனுக்கு இடதுகை முறிந்தது. மகளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, முன்பல் ஒன்று போய், நெற்றியில் தையல்கள். தேயிலைக் கொழுந்து லொறியில் இருவரையும் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

எனக்குச் சேதி வந்து நான் இன்னொரு லொறியில் இறங்கிப் போகும் வழியில் அந்த வளைவில் லொறியை நிறுத்தச் சொன்னேன். பாதையில் சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு. அது பள்ளத்தை நோக்கி நேராகப் போய், விளிம்புக்கு ஒரு முழம் இருக்கையில் சட்டென்று மேட்டுப்பக்கம் திரும்பியிருந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். மரங்களின் உச்சி தெரிந்தது. கால் நடுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லொறி டிரைவர் என்னைத் தூக்கி ஏற்றினான். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செய்தது அந்த நடுக்கத்தோடு செய்தது. அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நடுக்கமும் இருந்தது, அவ்வளவுதான்.

மகன் வராந்தாவில் கையில் ஈர மாவுக்கட்டோடு நின்றிருந்தான். “அப்பா, வண்டி தானா...” என்று தொடங்கினான். ஓங்கி ஒரு அறை விட்டேன்.

“வேகமாப் போனியாடா? தங்கச்சிய வச்சுக்கிட்டு வேகமாப் போனியா?”

“இல்லப்பா. மெதுவாத்தான்...”

“பொய் சொல்லாத!” இன்னொரு அறை.

அங்கே ஐம்பது பேராவது இருந்தார்கள். தோட்டத்து ஆட்கள், பட்டணத்து ஆட்கள், ஒரு தாதி. என் மனைவி உள்ளே மகளின் கட்டில் பக்கத்தில் இருந்தாள். அவன் வாசல்வரை போனபோது அவள் எழுந்து வந்து, “நீ உள்ள வராத. அவளக் கொல்லப் பாத்தது போதும்” என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பார்வை நேரத்தில் அவன் வாட்டுக்கு வெளியே தூணோரம் நிற்பான். நாங்கள் உள்ளே போவோம். மணி அடித்ததும் வெளியே வருவோம். அவன் எங்கள் பின்னால் நடந்து வருவான். ஏன் விழுந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை. தங்கையைப் பார்க்க முடியாமல் நின்றானே ஒழிய, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பணிவே எனக்குக் குற்றத்தின் அடையாளமாகத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து வண்டியைத் தோட்டத்து லொறியில், தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே போட்டுப் பதுளைக்குக் கொண்டுவந்தோம். இஞ்சின் இறுகியிருந்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போலிருந்தது. மகன்தான் கராஜுக்குப் போகலாம் என்றான். “என்ன நடந்துச்சுன்னு மெக்கானிக் பாஸ் சொல்வாருப்பா. அப்புறம் அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க.” எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவன் பிழை என்று ஒரு மெக்கானிக் வாயால் கேட்க வேண்டும்.

கராஜ் என்றால் ஒரு தகரக் கொட்டில். வாசலில் பழைய டயர்கள், அவற்றில் மழைத்தண்ணீர், தண்ணீரில் நெளியும் கொசுப் புழு. உள்ளே தரை மண்ணா எண்ணெயா என்று தெரியாது. செத்த எலி மாதிரிச் சுருண்டு கிடந்த துணிகள். ஒரு பேசினில் கறுப்பாக மண்ணெண்ணெய், அதில் யாருடைய வண்டியினதோ உறுப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பாஸ் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் மனிதர். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை ‘நானா’ என்றார்கள். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஐயா, அந்தப் பெட்டில இரிங்க. அதுல மட்டுந்தான் எண்ணெ இல்ல. நேத்து ஒரு கோழி இருந்திச்சி.”

பெட்டியைப் பார்த்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

மாவுக்கட்டோடு நின்ற மகனைப் பார்த்துப் பாஸ் கேட்டார், “நீயா ஓட்டின? பொறகால யாரு?”

“தங்கச்சி.”

“உசிரோட இரிக்காவா?”

“இருக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப மத்தது எல்லாம் சாமான்தான்.”

அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார். கிளச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார். சக்கரம் உருண்டது. “கியர் பெட்டி நல்லம். இஞ்சின்தான் புடிச்சிரிக்கி” என்றார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மூக்கில் வைத்து முகர்ந்தார். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் பின்வாங்கினேன்.

“கிளாக்கர் ஐயா பைல்தான் முகருவாரு போல” என்று சொல்லிவிட்டு மகனிடம் திரும்பினார். “எண்ணெ கலந்தியா?”

“கலந்தேன் நானா. அளவுப்படி.”

“எல்லாரும் அளவுப்படிதான் சொல்ற. பாப்பம்.”

நான் மகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ அகப்பட்டான் என்று நினைத்தேன். எண்ணெய் கலக்க மறந்திருப்பான். இல்லை, அந்தப் பணத்துக்குப் படம் பார்த்திருப்பான். பாஸ் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு கம்பியை விட்டு நனைத்து, பழைய பேப்பர்த் துண்டில் இரண்டு சொட்டு விட்டார். பெற்றோல் காற்றில் போய்விட்டது. பேப்பரில் ஒரு எண்ணெய் வட்டம் தங்கியது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“மெய்தான். கலந்து இரிக்கி. நல்ல எண்ணெ.”

மகன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிளக் துளையில் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றினார். “ஊறட்டும். அவசரப்பட்டு மிதிச்சா உள்ளுக்க ஒடையும்” என்றார். பிறகு காபரேட்டர் பக்கம், வண்டியின் இடதுபுறமாகக் குனிந்தார். ஏதோ பார்த்தார். எழுந்து, மரத்தூளும் சவர்க்காரமும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “நான் தொழுதிட்டு வாரேன். ஒண்டுலயும் கைய வெக்க வேணாம்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் போனார்.

மகன் வாசலுக்குப் போய் டயர்களின் பக்கத்தில் நின்றான். நான் தனியாக வண்டியின் இடதுபுறம் வந்தேன். அவர் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. குனிந்தேன்.

டேப் மூடியிருந்தது.

அதன் சின்னக் கைப்பிடி குறுக்காகக் கிடந்தது. கல்லில் மூடியது, பாலத்துக்கு வரவே இல்லை. அந்த நிமிடம்வரைக்கும் எனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெற்றோலோடுதான் எண்ணெய் போகிறது என்று இப்போதுதான் என் கண் முன்னால் ஒரு பேப்பர்த் துண்டு காட்டியிருந்தது. பெற்றோலை மூடினால் எண்ணெயும் மூடும். பழைய வண்டிக்கு எண்ணெய் தனியாக ஒரு டேங்கில் இருந்தது. பெற்றோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வண்டியை நான் உலர்ந்த இஞ்சினோடு மலையிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும். ஒரு வருடம்.

அடுத்து நான் செய்ததை எத்தனையோ தடவை மனதில் வேறு மாதிரிச் செய்து பார்த்திருக்கிறேன். கையை நீட்டினேன். ஆள்காட்டி விரலாலும் பெருவிரலாலும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினேன். டேப்பைத் திறந்துவிட்டேன். குழாயில் பெற்றோல் இறங்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

விரல்களில் கறுப்புப் பிசின் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. கைக்குட்டையைக் கறை உள்ளே போகும்படி மடித்துப் பையில் வைத்தேன். நிமிர்ந்தபோது மகன் வாசலில் வீதியைப் பார்த்தபடி நின்றிருந்தான். பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை.

மகனைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அன்று இரண்டு மணிநேரம் என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். டேப்பை மூடியது அவன் கை என்பதால் பாஸ் அவனைத்தான் திட்டுவார், அதைத் தடுத்தேன் என்று. பொய். திட்டு அவனோடு நிற்காது, யார் சொல்லித் தந்தது என்று கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

பாஸ் திரும்பி வந்தார். சட்டைக்கை மடித்து, சுத்தமான கையோடு மறுபடியும் அழுக்கில் இறங்கினார். கடைசிக் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் எண்ணெய். மறுபடியும் ஆட்டல். நெற்றி வியர்வை மூக்கில் வழிந்தது. கடைசியில் உள்ளே ‘ணக்’ என்று ஒரு சத்தம். எனக்கு அது எலும்பு முறியும் சத்தமாகக் கேட்டது.

“உட்டுட்டா” என்றார் பாஸ், ஏதோ பிரசவம் பார்த்தவர் போல.

புகைக்குழாயைக் கழற்றினார். அதிலிருந்து கறுப்புக் குழம்பு தரையில் வழிந்தது. மேல்மூடியின் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தளர்த்திக் கழற்றினார். சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மேலே உருவினார். அப்போதுதான் அந்த வாடை வந்தது.

பிஸ்டனைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகக் கீறல். அலுமினியம் உருகி, இழுபட்டு, ரிங்குகளை மூடி ஒட்டியிருந்தது. நகத்தால் பிறாண்டிய தோல் மாதிரி. சிலிண்டரின் உள்ளேயும் அதே கீறல்கள், அவற்றில் ஒட்டிய அலுமினியப் பூச்சு. எனக்கு மகளின் நெற்றி ஞாபகம் வந்தது. கோழி இருந்த பெட்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“சுத்தி வர உரஞ்சிரிக்கி” என்றார் பாஸ். “ஒரு பக்கம் மட்டுமிண்டா வேற காரணம். இது சுத்தி வர. எண்ணெ இல்லாம சுத்தினதுதான். டேங்க்ல எண்ணெ இரிக்கி. உள்ளுக்க இல்ல. ஏன்?”

அவர் இடதுபுறம் வந்து குனிந்தார். டேப்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னையும் பார்த்தார், மகனையும் பார்த்தார்.

“நான் தொழப் போகக்குள்ள இது மூடி இரிந்திச்சி. இப்ப தொறந்து இரிக்கி.”

என் வாய் திறக்கவில்லை. திறக்க முயன்றேன் என்றுகூடச் சொல்லமுடியாது.

“நான்தான் தொறந்தேன் நானா” என்றான் மகன்.

“நீயா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“திட்டுவீங்கன்னு.”

பாஸ் அவனுடைய மாவுக்கட்டுக் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எறக்கத்துல மூடிட்டு வந்தியா?”

“ஆமா. பெட்ரோல் மிச்சம் பண்ண.”

“யாரு சொல்லித் தந்த புத்தி இது?”

“யாரும் இல்ல நானா. லொறிக்காரங்க செய்வாங்கல்ல. அதப் பாத்து நானாச் செஞ்சது.”

“லொறிக்கு எண்ணெ வேற, டீசல் வேற. இது அப்பிடியா? மடையன். பெட்ரோல மூடினா எண்ணெயும் நிண்டிடும். சக்கரம் இஞ்சின சுத்திக்கிட்டே இரிக்கும். உள்ளுக்க இரும்பும் அலுமினியமும் தொட்டுத் தொட்டுச் சூடேறி ஒட்டிப் போகும். சக்கரம் அப்பிடியே நிக்கும்.” அவன் தலை குனிந்து நின்றான். பாஸின் குரல் இறங்கியது. “ஆனா ஒண்டு கேக்கிறன். சக்கரம் நிண்டதும் என்ன செஞ்ச?”

“கிளச்சப் புடிச்சேன்.”

“ஒடனயேவா?”

“கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போச்சு. அப்புறம் புடிச்சேன். சக்கரம் உருண்டுச்சு. மேட்டுப் பக்கம் திருப்பினேன். மண்ணுல ஏறி விழுந்துட்டோம்.”

பாஸ் என்னிடம் திரும்பினார். “ஐயா, கிளச்ச புடிக்கலண்டா வண்டி திரும்பியே இரிக்காது. ரெண்டு பேரயும் மையத்தாத்தான் நீங்க கீழ எறங்கி எடுத்திரிப்பீங்க. இவன் மடையன்தான். ஆனா தங்கச்சியக் காப்பாத்தின மடையன்.”

பாதையில் பார்த்த கறுப்புக் கோடு எனக்கு ஞாபகம் வந்தது. விளிம்புக்கு ஒரு முழம் இருக்கையில் திரும்பிய கோடு. அந்தத் திருப்பத்தைத்தான் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு முறை அறைந்திருக்கிறேன்.

அப்போதும் நான் பேசவில்லை. பாஸ் வேலையைச் சொன்னார்: சிலிண்டரைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிக் கீறல் போகும்வரை கடைய வேண்டும், அந்தப் புதிய அளவுக்கு ஒரு பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும், அடியில் இருக்கும் பெயாரிங்குகளில் அலுமினியத் தூள் போயிருக்கிறதா என்று கழுவிப் பார்க்க வேண்டும். நான் ஆபீசில் ஒரு கடிதம் வாசிக்கக் கேட்பது போலத் தலையாட்டினேன். நாங்கள் புறப்படும்போது அவர் மரத்தூள் தகரத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“கையக் கழுவிட்டுப் போங்க ஐயா. ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க.”

அந்தக் கராஜில் நான் எதையும் தொட்டதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியில் உட்கார்ந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கையைப் பார்த்தேன். இரண்டு விரல் நுனியிலும் கறுப்பு. மகன் தரையைப் பார்த்தான்.

கழுவினேன். மரத்தூளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அவன் எனக்கு இரண்டு அடி பின்னால் வந்தான், அந்த வாரம் முழுவதும் வந்தது போலவே. தபால் கந்தோருக்குப் பக்கத்தில் நின்று அவன் வரட்டும் என்று காத்திருந்தேன்.

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“என்ன சொல்றதுப்பா. அவரு வெளியாளு.”

அவ்வளவுதான் சொன்னான். வெளியாள் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று தெரியவில்லை. நானாக இருக்க முடியாது. ஐம்பது வெளியாட்கள் முன்னால் அவனை விட்டுக்கொடுத்தவன் நான்.

பார்வை நேரம் தொடங்கியிருந்தது. அவன் வழக்கம்போலத் தூணோரம் நின்றுகொண்டான். நான் உள்ளே போனேன். மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். முன்பல் இல்லாத வாயை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். மனைவி ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, பாஸ் என்ன சொன்னாரு? வேகந்தானே?”

சுற்றிலும் கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று நான்கு பேர். வெளியே போய்ப் பேசலாமா என்று கேட்க வாய் எடுத்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. அறைவதற்கு ஒரு வராந்தா முழுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள், உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு மறைவிடம் வேண்டும்.

“வேகம் இல்ல” என்றேன். “பெட்ரோல மூடிட்டு எறங்குனதுதான் காரணம். இந்த வண்டிய அப்படி எறக்கக் கூடாது. இஞ்சின் புடிச்சிரும். அவனுக்கு அதச் சொல்லிக் குடுத்தது நான்.”

மனைவியின் கை நின்றது. பக்கத்துக் கட்டில்காரியும் எங்களைப் பார்த்தாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். “சக்கரம் நின்னதும் அவந்தான் கிளச்சப் புடிச்சுத் திருப்பியிருக்கான். இல்லாட்டி ரெண்டு பேரும் பள்ளத்துல. புள்ளைய நான் சும்மா அடிச்சேன்.”

மகள்தான் முதலில் பேசினாள். பல் போன இடத்தில் காற்று ஊத, “கல்லுக்கிட்ட அண்ணன் சொல்லிக்கிட்டே மூடுச்சுப்பா. ‘அப்பா கணக்கு, கல்லுல மூடு’ன்னு. நான் சிரிச்சேன்” என்றாள்.

என் மனைவி உரித்த பழத்தைக் கட்டில்மேல் வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் வழியில் நின்ற ஒரு நாற்காலி மாதிரி. வாசலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. “உள்ள வாடா.” அவன் ஏதோ முனகினான். “வாடான்னா.” சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டில் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்டூலில் அவனை உட்கார வைத்தாள். ஆரஞ்சுச் சுளையைப் பிய்த்து முதலில் அவன் வாயில் வைத்தாள், பிறகு மகள் வாயில். ஒரு வாரமாகப் பார்க்காத இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, அவள் பல்லைப் பற்றியும் அவன் கட்டைப் பற்றியும் கேலி பேசத் தொடங்கினார்கள். மணி அடிக்கும்வரை நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

பாதியைத்தான் அங்கே சொன்னேன். டேப்பைத் திறந்ததைச் சொல்லவில்லை. அது மகனுக்குத் தெரியும், பாஸுக்குத் தெரியும். என் மனைவிக்கு இதுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரியும்.

சிலிண்டர் கடைந்து வந்து, வண்டி ஓடத் தயாரானதும் நான் தனியாகப் போய் எடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், திரொட்டிலைப் பிடித்த பிடியாக வைக்கக் கூடாது, இறக்கத்தில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம் திறந்து விட வேண்டும் என்றெல்லாம் பாஸ் சொன்னார். புறப்படுவதற்கு முன் அவரிடம் கேட்டேன்.

“பாஸ், அந்த டேப்ப மூட முடியாத மாதிரிக் கம்பி வச்சுக் கட்டித் தர ஏலுமா?”

அவர் சிரிக்கவில்லை.

“கட்டினா, வண்டி நிக்கக்குள்ள பெட்ரோல் உள்ளுக்க வழியும் ஐயா. டேப் மூடத்தான் வேணும், தொறக்கத்தான் வேணும். அதுல என்ன பிழ?”

பிறகு, பேசினில் ஊறிய வேறொரு வண்டியின் உறுப்புகளைத் துழாவியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“டேப் இரிக்கிறது இடப்பக்கம். மகன்ட இடக்கை கட்டுல. நான் வரக்குள்ள வாசல்ல நிண்டதும் அவன்தான். அவன் அப்பிடிச் சொல்லக்குள்ள நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்த.”

கிக்கரை மிதித்தேன். ஒரே மிதியில் வண்டி எடுத்தது. நீலப் புகை கொட்டில் முழுக்கப் பரவியது. அன்றைக்கு என்னிடம் கைக்குட்டை இருக்கவில்லை. அந்த வாடையை முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.